ஒன்றரை டன்

பெட்டியை வேனிலிருந்து இறக்கியதும்
இஸ்திரி வண்டி அடைக்கலம் கேட்டார்:
"எத்தனை டன்னு சொன்னீங்க?"
"ஒன்றரை."
அண்ணாந்து சுவரைப் பார்த்தார்,
பிறகு தன் வண்டியை,
பிறகு என்னை.

ஜமால் சிரித்துவிட்டான்.
டன் என்பது எடை இல்லண்ணே, குளிரோட கணக்கு.
எடை முப்பத்தாறு கிலோ,
ஒரு சிமெண்ட் மூட்டைகூட இல்லை.

அவர் சிரிக்கவில்லை.
"முப்பத்தாறு கிலோ விழுந்தா மட்டும்
பூவாவா விழும்?"

புதுவயல், ரைஸ்மில் சந்து,
சித்திரை வெயில்.
உமையாள் டீச்சர் ஜன்னலிலிருந்து கை காட்டினார்:
"இதுக்கு நேர் கீழ மாட்டிடுங்க, பைப் மிச்சம்."
கம்பெனி தருவது மூன்று மீட்டர் செம்புக்குழாய்.
அதைத் தாண்டினால் மீட்டருக்குக் காசு.

ஏணியில் ஏறி டிரில் வைத்தேன்.
சுவர் என்னிடம் தூளால்தான் பேசும்.
சாம்பல் நிறம் வந்தால் கான்கிரீட், நம்பலாம்.
சிவப்பு வந்தால் செங்கல், யோசிக்கலாம்.
முதலில் வெள்ளை வந்தது, வழவழத்த காரை.
பிறகு சிவப்பு.
பிறகு ஒன்றுமே வரவில்லை.
திறந்த வீட்டில் நாய் நுழைகிற மாதிரி
பிட் தானாக உள்ளே போனது.

ஆங்கர் போல்ட்டை அறைந்து முடுக்கினேன்.
இறுக வேண்டிய சுற்றில்
இன்னொரு சுற்று சுற்றியது.
"பிடிச்சிருச்சா?" என்றான் ஜமால்.

பிடித்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம்.
கோட்டையூரில் ஒரு வீடு பாக்கி,
கண்டனூரில் ஒன்று,
மதியச் சாப்பாடு வேறு.
மாட்டினால் இன்றைக்கு நிற்கும்.
ஆடிக் காற்றுக்கும் நிற்கும்.
ஆனால் கம்ப்ரஸர் நடுங்கும்,
ராத்திரியெல்லாம் நடுங்கும்,
ஒவ்வொரு நடுக்கமும்
ஒரு சிட்டிகை சுவரைத் தின்னும்.
எந்த வருஷம்,
யார் வீட்டுச் சட்டைக்கு மடிப்பு வைக்கிறபோது
என்பதுதான் தெரியாது.

போல்ட்டைப் பிடுங்கிப் பையில் போட்டேன்.
"மொட்டைமாடிதான், டீச்சர்."
"கூட எவ்வளவு?"
"அஞ்சு மீட்டர்."
கணக்கு டீச்சர்.
வாயால் பெருக்கினார், முகத்தால் கழித்தார்.
கீழே அடைக்கலம் கரியை விசிறினார்,
இரண்டு பொறி பறந்தது.
டீச்சர் எட்டிப் பார்த்தார்.
"சரி" என்றார்,
என்னைப் பார்த்து அல்ல.

மாடியில் ஜமால்
தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கயிற்றைக் கட்டப் போனான்.
டேய், தூணில் கட்டு.
பிடிக்கிறேன் என்று சொல்லாதே, கட்டு.
கை வியர்க்கும்.
அதுவும் உன் கைக்கு மணிக்கு நாலு போன் வரும்.

பெல்ட் மாட்டி
கைப்பிடிச் சுவருக்கு அந்தப்புறம் சாய்ந்தேன்.
"வண்டியை நகர்த்துங்க!"
நகர்த்தினார், இரண்டடி.
"இன்னும்."
இன்னும் இரண்டடி.
அவர் வேப்பமரத்தைத் தொட்ட பிறகுதான்
ஸ்பேனரை எடுத்தேன்,
அதையும் மணிக்கட்டில் நாடாவால் கட்டி.

மில் பக்கம் முகம் வேண்டாம்,
உமிச் சாம்பல் மாதத்துக்குள் மூக்கை அடைக்கும்.
தெற்கே திருப்பினோம்.
நாலு காலுக்கும் ரப்பர் செருப்பு,
முதுகுக்குப் பின்னால் ஒரு முழம் காற்று,
எர்த் ஒயரை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.
வேக்குவம் பம்ப் ஓடியது.
நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம்.
முள் அசையவில்லை.
அது அசையாதவரை நாங்களும்.

கடைசியில் உள்பெட்டியின் நீர்க்குழாய்.
சந்தில் எங்கே விடுவது?
"இங்க விடுங்க" என்றது வேப்பமரம்.
வண்டி பழைய இடத்துக்கே திரும்பி வந்தது.
மூடியில் துளை போட்ட பாட்டிலைத் திறந்து
நேராகக் குழாய்க்குக் கீழே வைத்தார்.

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை.
டீச்சர் மேலேயிருந்து "ஜில்லுங்குது" என்ற பிறகு
ஒரு சொட்டு.
இன்னொன்று.
விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.
"உப்பே இல்லை. துணியில கறை நிக்காது."

கருவிகளை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.
அண்ணாந்தார் மறுபடியும்.
சுவரில் நான் போட்டுக் கைவிட்ட ஒற்றைத் துளை.

"அதையும் அடைச்சிட்டுப் போங்க தம்பி,
குளவி கூடு கட்டும்."